பாலர், குடும்ப உதவி நிலையம்: தரம் எங்கே தெரிகிறது?

மெரிபேங்க்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில், சாட்ஸ்வொர்த் முதல் டொங்காட் வரை நம் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கூடங்களிலும் குழந்தைகள் நிலையங்கள் நடக்கின்றன. சில, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வெறும் கிரெஷ். சில, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதோடு தாய்மாருக்கு மானிய மனு எழுதித் தருவது, வீடு தேடிப் போவது என்று குடும்பத்துக்கும் கை கொடுப்பவை. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேச வேண்டும். நிலையம் நன்றாக நடக்கிறதா என்று நிர்வாகக் குழு எதை வைத்துச் சொல்வது? புதுப் பெயின்ட், சறுக்குமரம், ஆண்டிறுதிக் கலைநிகழ்ச்சி எல்லாம் கண்ணில் படுவதால் காசும் அங்கேயே போகிறது. தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

நடுவாசல்

முதலில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2005-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, ஆறு பிள்ளைகளுக்கு மேல் பெற்றோர் சார்பில் பார்த்துக்கொண்டால் பதிவு வேண்டும். கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றுதான். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தப் பொறுப்பு சமூக வளர்ச்சித் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்குப் போய்விட்டது. 2025-ல் தொடங்கிய பனா பெலே பதிவு இயக்கத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். சுவரில் வெண்கலச் சான்றிதழைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நுழைவுப் படி தாண்டியாயிற்று, செய்ய வேண்டியவை இன்னும் பாக்கி இருக்கின்றன என்றுதான் அதற்குப் பொருள்.

ஆள் விகிதம்: 18 மாதம் வரை 6 பிள்ளைக்கு ஒருவர், 18 மாதம் முதல் 3 வயது வரை 12-க்கு ஒருவர், 3 முதல் 4 வயதுக்கு 20-க்கு ஒருவர், 5 முதல் 6 வயதுக்கு 30-க்கு ஒருவர். இடம்: உள்ளே பிள்ளைக்கு 1.5 சதுர மீட்டர், வெளியே 2 சதுர மீட்டர். மூன்று வயதுக்கு மேற்பட்ட 20 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, கை கழுவ ஒரு இடம்.

மண்டபங்களில் நடக்கும் தவறு இந்த இட அளவில்தான். 9 மீட்டருக்கு 6 மீட்டர் கூடம் 54 சதுர மீட்டர், 1.5-ஆல் வகுத்தால் 36 பிள்ளைகள் என்று காகிதத்தில் வந்துவிடும். ஆனால் மேடை, அலமாரி, அடுக்கி வைத்த மெத்தை, சமையல்கட்டுக்குப் போகும் வழி எல்லாம் சேர்ந்து 8, 9 சதுர மீட்டரை விழுங்கிவிடும். மிச்சத்தில் 30 பேர்தான். வெளியே உள்ள கார் நிறுத்துமிடத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். விசேஷ நாளில் அங்கே கார்தான் நிற்கும்.

தாய்சேய்நலம்

அண்ணா சொன்ன அளவெல்லாம் சரி. ஆனால் அத்தனையும் பொருந்தியிருந்தும் பிள்ளைகள் வாடும் நிலையங்கள் உண்டு. 20-க்கு ஒருவர் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஆடையில் போய்விட்டது, டீச்சர் அதைக் கழுவ அழைத்துப் போகிறார். பத்து நிமிடத்துக்கு மிச்சம் 19 பேரும் தனியே. அதனால் டீச்சர் என்ன செய்வார்? எல்லாரையும் சுவரோரம் உட்காரவைத்துக் கையைக் கட்டச் சொல்வார். இதை அவருடைய குறை என்று சொல்லக் கூடாது, இரண்டாவது ஆள் இல்லாததுதான் குறை. எந்தக் குழுவுக்கும் உதவிக்கு இன்னொருவர் வேண்டும், பாதி நாளாவது.

தரத்தைப் பார்க்க வேண்டுமானால் காலை ஒன்பதரை மணிக்குப் போய் ஒரு மூலையில் 20 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். தாளில் மூன்று பத்தி பிரித்து, ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடுங்கள். பெரியவர் சொல்வது கட்டளையா ("உட்கார்", "தொடாதே") என்பதற்கு ஒன்று. பேச்சா ("அட, உன் கோபுரம் சாயுதே, எந்தப் பக்கம் கனம்?") என்பதற்கு ஒன்று. பிள்ளை தானாக எதையாவது சொல்லியோ காட்டியோ பெரியவரிடம் பதில் வந்ததா என்பதற்கு ஒன்று. முதல் பத்தியில் 30, மற்ற இரண்டிலும் சேர்த்து 4 என்று வந்தால், அலமாரியில் எவ்வளவு பொம்மை இருந்தும் பயனில்லை.

கைக்குழந்தைப் பிரிவில் நாப்பி மாற்றும் மேசையைப் பாருங்கள். நல்ல நிலையத்தில் டீச்சர் குழந்தையின் முகம் தன் பக்கம் இருக்கும்படி படுக்கவைப்பார், ஒரு கை எப்போதும் வயிற்றின் மேல் இருக்கும். "காலைத் தூக்கலாமா... இதோ ஜில்லுனு துணி வருது" என்று சொல்லிக்கொண்டே செய்வார். குழந்தை 'ஊ' என்றால் நிறுத்தி அவரும் 'ஊ' என்பார். மூன்று நிமிட வேலை, நாளைக்கு நாலைந்து முறை. மொழி வளர்வது இங்கேதான், சுவரில் ஒட்டிய எழுத்து அட்டையில் இல்லை. மோசமான இடத்தில் குழந்தை சுவரைப் பார்த்துக் கிடக்கும், டீச்சர் தோளுக்கு மேலே இன்னொருவரோடு பேசிக்கொண்டிருப்பார்.

அந்த மேசை சமையல்கட்டிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் குழாய் உண்டா என்பதையும் கையோடு குறித்துக்கொள்ளுங்கள். குழாய் அறைக்கு அந்தப் பக்கம் இருந்தால் கை கழுவுவது நடக்காது, பயிற்சி கொடுத்தும் நடக்காது.

கணக்கர்

இரண்டாவது ஆள் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் போட்டுப் பார்ப்போம்.

அரசு மானியம் பல வருடங்களாகத் தகுதியுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 17 ராண்டாக இருந்தது. 2025 பட்ஜெட்டில் 24 ராண்ட் என்று அறிவித்தார்கள். வருடத்துக்கு 264 நாள் கணக்கு. 24 பெருக்கல் 264, பிள்ளைக்கு 6,336 ராண்ட், மாதம் 528. முப்பது பிள்ளைக்கு மாதம் 15,840.

இனிச் செலவு. 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. எட்டு மணி நேரம், மாதம் ஏறத்தாழ 21.67 நாள் என்றால் ஓர் ஆளுக்கு 4,990 பக்கம் வரும். மூன்று பேருக்கு 14,970. ஆக மானியம் முழுவதும் மூன்று பேரின் குறைந்தபட்சச் சம்பளத்திலேயே முடிந்துவிடுகிறது. சாப்பாடு, மின்சாரம், சோப்பு, காகிதம் எல்லாம் பெற்றோர் கட்டணத்திலிருந்தும் நன்கொடையிலிருந்தும்தான்.

இதை வெளிப்படையாகப் பெற்றோர் கூட்டத்தில் போர்டில் எழுதிக் காட்டுங்கள். காட்டாத இடத்தில் "அரசு காசு வருதே, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்" என்ற சந்தேகம் வளரும், கட்டணம் நின்றுபோகும், உடனே குழு செய்யும் முதல் காரியம் பத்துப் பிள்ளைகளைக் கூடுதலாகச் சேர்ப்பது. அங்கேதான் தரம் கீழே விழுகிறது.

இன்னொன்று, வருகைப் பதிவேடு. வந்தது, வராதது என்று டிக் அடித்தால் போதாது. வந்த நேரம், கொண்டுவந்தவர் கையெழுத்து, போன நேரம், அழைத்துப்போனவர் கையெழுத்து என்று நாலு பத்தி வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பிய பதிவேடு பார்த்தவுடனே தெரியும்: 31 நாளும் ஒரே மை, ஒரே சாய்வு. மானியக் கணக்குக்கு அது ஆபத்து. பிள்ளை காணாமல் போனால் அதைவிடப் பெரிய ஆபத்து.

சமையல்கட்டு

உணவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. முழு நாள் இருக்கும் பிள்ளைக்கு நிலையச் சாப்பாடுதான் அன்றைய பெரிய சாப்பாடு.

பருப்புத் தண்ணீரும் சோறும் கொடுத்துவிட்டு "பருப்பு கொடுத்தோம்" என்று எழுதுவதுதான் நம் பக்கத்துப் பெரிய தவறு. சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பயறின் கணக்கு இப்படி: 30 பிள்ளைக்கு ஆளுக்கு அரைக் கப் வெந்த பீன்ஸ் என்றால் சுமார் 2.7 கிலோ வெந்தது வேண்டும். அதற்குக் காய்ந்த பீன்ஸ் 1.1 முதல் 1.2 கிலோ, முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். குழுவின் மளிகைச் சீட்டில் வாரத்துக்கு ஒரு கிலோதான் இருந்தால், தட்டில் என்ன விழுகிறது என்று உள்ளே போய்ப் பார்க்காமலே தெரியும்.

மீலி மாவுக் (மக்காச்சோள மாவு) கஞ்சி கரண்டியில் நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். ஒழுகினால் வயிறு நிறையும், சத்து இராது. பிள்ளைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் 40 கலோரி கூடும். இதைவிட மலிவான வழி கிடையாது. காலையில் ரொட்டியும் பால் டீயும் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டீ உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பீன்ஸோடு ஒரு துண்டு கொய்யாவோ ஆரஞ்சோ கொடுத்தால் அதே இரும்பு நன்றாகச் சேரும்.

வியன்னா சாசேஜையும் திராட்சையையும் வட்டமாக நறுக்கக் கூடாது, நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். வட்டத் துண்டு சின்னத் தொண்டையை மூடிபோல அடைத்துவிடும். முழு நிலக்கடலை ஐந்து வயதுக்குள் வேண்டாம்.

ஆர்638 என்ற உணவுச் சுகாதார விதிப்படி சமையலிடத்துக்கு ஏற்புச் சான்றிதழ் வேண்டும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். பதினொரு மணிக்கு வடித்த சோற்றை மூடிவைத்து மூன்றரைக்கு மிச்சம் கொடுப்பதுதான் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் வழி. சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஃபீனிக்ஸ்முல்லை

சாப்பாட்டு நேரம் பேச்சு நேரமும்தான், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டீச்சரும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நிலையத்தில் பிள்ளைகள் பேசுகிறார்கள். நின்றுகொண்டு ஊட்டும் நிலையத்தில் விழுங்குகிறார்கள்.

கற்றல் பக்கம் ஒரு தகவல். 2022 ஏப்ரலில் வெளியான திரைவ் பை ஃபைவ் என்ற நாடளாவிய ஆய்வில், நிலையங்களுக்குப் போகும் நாலைந்து வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதம் பேர் வயதுக்குரிய கற்றல் நிலையை எட்டவில்லை. நிலையத்துக்கு வராத பிள்ளைகளைச் சொல்லவில்லை, வருபவர்களையே சொல்கிறேன். சும்மா சேர்த்தால் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறப்பு முதல் நாலு வயது வரைக்குமான தேசியப் பாடச் சட்டகம் ஆறு களங்களைச் சொல்கிறது: நலவாழ்வு, அடையாளமும் சொந்தமும், தொடர்பாடல், கணித உணர்வு, படைப்பாற்றல், உலகை அறிதல். ஏ பி சி எழுதும் தாள் இதில் எங்கேயும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையிடம் புள்ளிக் கோட்டின் மேல் எழுதச் சொல்லும் தாள் கட்டுக்கட்டாக இருந்தால், பெற்றோரைத் திருப்திப்படுத்த வேலை நடக்கிறது என்று பொருள். ஊற்ற, அளக்க, அடுக்க, உரிக்க என்று கைக்கு வேலை கொடுத்தால் எழுத்து பின்னாலேயே வரும். ஒரு வாளி மணல், மூன்று அளவுள்ள டப்பா, ஒரு புனல், காலிப் பெட்டிகள் போதும்.

மெரிபேங்க்வாசி

தமிழ்? பல குழுக்கள் "செவ்வாய்க்கிழமை அரை மணி தமிழ்" என்று வைத்திருக்கின்றன.

ஃபீனிக்ஸ்முல்லை

வாரத்துக்கு அரை மணியில் பாட்டு மனப்பாடம் ஆகும், மொழி வராது. தமிழ் வேண்டுமானால் தினசரிக் காரியத்தோடு கட்டுங்கள். கை கழுவும்போது "சட்டைக் கையை மடி, சோப்புப் போடு, தேய், தண்ணி ஊத்து" என்று நாலே வாக்கியம், நாளைக்கு ஐந்து முறை, ஒரே ஆள் சொல்ல வேண்டும். ஒரு பாட்டியை வாரம் மூன்று காலை வரவழைத்தால் உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டே பாடம்தான்.

ஆனால் நம் பகுதிகளில் இன்று சுலு பேசும் வீட்டுப் பிள்ளைகளும் நம் நிலையத்தில் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் அழும்போது ஆறுதல் சொல்ல அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் இல்லாத நிலையம் எனக்கு நல்ல நிலையமாகத் தோன்றவில்லை, தமிழ் எவ்வளவு அழகாக ஒலித்தாலும். முதல் மூன்று வாரத்தில் பிள்ளை அதட்டலுக்கு அடங்குகிறதா, ஆறுதலுக்கு அடங்குகிறதா என்பதில் மற்றதெல்லாம் இருக்கிறது.

நடுவாசல்

இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. மூன்று மொழியையும் ஒரே டீச்சர் ஒரே வாக்கியத்தில் கலந்தால் குழப்பம்தானே?

ஃபீனிக்ஸ்முல்லை

கலந்தாலும் பிள்ளைகள் சமாளிப்பார்கள், அண்ணா. கவலை கலப்பில் இல்லை, எந்த மொழியிலும் முழு வாக்கியம் கிடைக்காமல் போவதில். டீச்சர் தனக்குத் தடுமாறாமல் வரும் மொழியில் நீளமாகப் பேசட்டும்.

புத்தகம் பற்றியும் ஒன்று. கேப் டவுனின் கயெலிட்ஷாவில் 14 முதல் 16 மாதக் குழந்தைகளின் தாய்மாருக்கு எட்டு வாரம் புத்தகம் பகிரும் பயிற்சி கொடுத்த ஆய்வு 2015-ல் வெளியானது. குழந்தைகளின் மொழியும் கவனமும் கூடின. எழுத்தை வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. குழந்தை எந்தப் படத்தைத் தொடுகிறதோ அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் செய்யலாம். குடும்ப உதவி என்று நிலையம் ஒன்றே ஒன்று செய்ய முடியுமானால் இதைச் செய்யட்டும்.

தாய்சேய்நலம்

குடும்ப உதவிக்கு வந்துவிட்டதால் விரிவாகவே எழுதுகிறேன். தலைப்பில் "குடும்ப உதவி" என்று போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு மேசையும் துண்டறிக்கைகளும் மட்டும் வைத்திருப்பதுதான் அதிகம்.

பெயர் பதியும் நாளிலேயே ரோட் டு ஹெல்த் புத்தகத்தை (பிள்ளையின் ஊசி, எடைப் பதிவுப் புத்தகம்) வாங்கிப் பாருங்கள். தட்டம்மை ஊசி 6 மாதம், 12 மாதம் போட்டாயிற்றா, வைட்டமின் ஏ-யும் பூச்சி மருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவாகியிருக்கிறதா, எடைக் கோடு ஏறுகிறதா, படுக்கிறதா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை நாடா (மேற்கைச் சுற்றளவு நாடா) வைத்து மேற்கையை அளக்கலாம். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அந்த வாரமே கிளினிக், 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே. நாடாவை இறுக்கிப் பிடித்தால் அளவு குறைந்து காட்டும், தோல் குழியக் கூடாது.

குழந்தை ஆதரவு மானியம் 2025 ஏப்ரலில் மாதம் 560 ராண்டாக இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பலர் மனுவே போடாமல் இருக்கிறார்கள். மானியம் வழங்கும் அரசு நிறுவனமான சாசாவின் அலுவலகத்தில் அதற்கான மாற்று உறுதிமொழிப் படிவம் உண்டு, அதோடு மனு போடலாம். பிள்ளையை வளர்ப்பது பாட்டி என்றால் பாட்டியே மனுதாரர் ஆகலாம், நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. பிறப்பை 30 நாளுக்குள் உள்துறை அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் பதிய வேண்டும். தாண்டினால் கேட்கும் தாள்கள் கூடும். அதனால் கர்ப்பிணியாக இருக்கும் தாயிடமே சொல்லிவையுங்கள்.

இனி முக்கியமான இடம். "கிளினிக்குக்கு அனுப்பினோம்" என்று பதிவேட்டில் இருக்கும். போனாரா என்று எழுதியிருக்காது. ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: தேதி, என்ன தேவை, எங்கே அனுப்பினோம், போய்ச் சேர்ந்த தேதி, என்ன கிடைத்தது. நாலாவது பத்தி காலியாக இருந்தால் ஏழாம் நாள் ஒருவர் விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் டாக்ஸிக்குக் காசு இல்லாதது, அல்லது வீட்டில் இன்னொரு கைக்குழந்தை, அல்லது வேலையில் விடுப்பு கிடைக்காதது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. நிலையத்தின் குடும்ப உதவி எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த நோட்டைத்தான் முதலில் கேட்பேன்.

தாயின் மனச்சோர்வுக்கு இரண்டு கேள்வி போதும்: "போன ஒரு மாதத்தில் மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாமல் இருந்ததா?", "எதிலும் ஆசை, ஈடுபாடு இல்லாமல் இருந்ததா?" ஒன்றுக்கு ஆமென்றாலும் கிளினிக்குக்குக் கூடவே போங்கள். வாசலில், மற்ற பெற்றோர் காதுபட இதைக் கேட்கக் கூடாது. கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை வேண்டும். பல மண்டபங்களில் அந்த அறை நாற்காலி அடுக்க என்று போயிருக்கும், முதலில் அதைக் காலி செய்யுங்கள்.

நடுவாசல்

பாதுகாப்பில் விடக்கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், சமையல்காரர், தோட்டக்காரர், தொண்டர் உட்பட, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று. தனிநபர் தானே கேட்பது படிவம் 30, நிலையம் கேட்பது படிவம் 29. பாலியல் குற்றவாளிகள் பதிவேடு வேறு, அதற்கும் தனியாக விண்ணப்பம். "நம்ம கோயில் ஆள்தானே" என்று விடும் இடம்தான் ஓட்டை.

துன்புறுத்தல் சந்தேகம் வந்தால் அதைத் தெரிவிக்கப் படிவம் 22. குழு கூடி முடிவெடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. பார்த்த டீச்சருக்கே சட்டப்படி அந்தக் கடமை உண்டு. பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைனின் இலவச எண் 116, அதைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் பிள்ளையை அடிப்பதற்கு இருந்த "நியாயமான தண்டனை" என்ற வாதத்தை 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் குற்றம் சாட்டும் குரலில் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அடிக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

சமையல்கட்டு

தண்ணீர் நின்ற நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்பனில் அது அடிக்கடி. 20 முதல் 25 லிட்டர் வாளித் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத ஜிக் (ப்ளீச்) ஒரு டீஸ்பூன், கலக்கிக் குறைந்தது இரண்டு மணி நேரம் மூடிவையுங்கள், இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது. வாளிக்குக் குழாய் பொருத்துங்கள். குவளையை முக்கி எடுத்தால் மறுபடி அழுக்காகிவிடும்.

வயிற்றுப்போக்குக்கு: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், சர்க்கரை 8 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எல்லாம் தலை தட்டியது. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கண்ணளவில் போடாதீர்கள்.

எலி மருந்து விஷயம். தெருவில் பொட்டலமாக விற்பது பல நேரம் வயலுக்கான கடும் பூச்சிக்கொல்லி. 2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் இறந்தது டெர்புஃபாஸ் என்ற அப்படியொரு பூச்சிக்கொல்லியால். அந்தப் பொட்டலம் நிலையத்து வாசலைத் தாண்டக் கூடாது. மாவு, பருப்பு எல்லாம் மூடியுள்ள டிரம்மில், ஓட்டையில் கம்பி வலை, பொறி. அதுவே போதும்.

மெரிபேங்க்வாசி

எல்லாருக்கும் நன்றி. ஒரு கடைசிக் கேள்வி. கையில் மூவாயிரம் ராண்ட்தான் இருக்கிறது என்றால் எங்கே தொடங்குவது?

தாய்சேய்நலம்

நாப்பி மேசைக்குப் பக்கத்தில் குழாய் வைத்த வாளியும் சோப்பும். நாலு பத்தி வருகைப் பதிவேடு, ஐந்து பத்தி நோட்டு, இரண்டு கை நாடா. பிள்ளைகள் கையில் எடுக்கும் உயரத்தில் பதினைந்து படப் புத்தகம், பழையதே போதும். பெயின்டுக்கு ஒரு ராண்ட் கூட வேண்டாம்.

கணக்கர்

மிச்சத்தை உதவியாளர் சம்பளத்தில் போடுங்கள். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை ஓர் ஆள், 2025 கூலிப்படி நாளைக்கு 115 ராண்ட். பெற்றோர் கட்டணம் சீராக வரத் தொடங்கும் வரை மூன்று நாலு வாரம் ஓடும். அதற்குள் அந்தக் கணக்குப் போர்டை வாசலில் மாட்டிவிடுங்கள்.